காவலுக்கு வைத்த காது

எங்கள் தெருவில் தென்னை ஏறுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மரத்தடியில் நின்று மூன்று தடவை சத்தம் கொடுத்த பிறகுதான் ஏறுவார்கள். "மரம் ஏறுறேன் பாயம்மா, உள்ள போயிக்கங்க." முதல் சத்தத்துக்கு நாலு வீட்டுக் கொல்லையிலும் பாத்திரம் தேய்க்கிற ஓசை நின்றுவிடும். இரண்டாவதுக்குக் கதவுகள் சாத்தும். மூன்றாவது சும்மா ஒரு மரியாதைக்கு. மரத்து உச்சியிலிருந்து பார்த்தால் எல்லார் வீட்டுக் கொல்லையும் உள்ளங்கை மாதிரி தெரியும். வீட்டுப் பெண்கள் அவர்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. திண்டுக்கல்லில் எங்களவர்கள் குடியிருந்த தெருக்கள் எல்லாவற்றிலும் இது உண்டு.

அந்தச் சத்தத்தை ஒரு நாள் நான் கேட்டும் கேட்காதவளாக உட்கார்ந்திருந்தேன். பிற்பாடு முப்பது வருஷத்துக்கும் மேல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்து, "காது இருக்கா, இல்ல வாடகைக்கு விட்டுட்டியா?" என்று கத்திக்கொண்டிருந்தவள் நான். என்னிடம் அடிவாங்காத பெஞ்சு கிடையாது. என் காது செய்த காரியத்தைச் சொன்னால் அந்தப் பிள்ளைகள் காறித் துப்பும். துப்பட்டும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினைந்து வயது, அக்காவுக்கு இருபது. அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முழுசாக முடியவில்லை. மச்சான் மஞ்சள் காமாலையில் பத்தே நாளில் போய்விட்டார். குழந்தை இல்லை. அவள் மாமியார் வீட்டில் ஒரே கூடம், ஆறு ஆம்பளைகள். அங்கே எப்படி இத்தா இருப்பாள் என்று பெரியவர்கள் பேசி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து விட்டார்கள்.

இத்தா என்றால், புருஷனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருப்பது. வெள்ளைச் சேலை. கழுத்தில் கருகமணி கிடையாது. அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. இது போதாது என்று கண்ணாடி பார்க்காதே, வாசல் பக்கம் நிற்காதே, பல் தெரியச் சிரிக்காதே என்று தெருப் பெண்கள் தங்கள் பங்குக்குச் சேர்த்த சட்டங்கள் வேறு. மார்க்கம் சொன்னது பாதி, தெரு சொன்னது மீதி. எங்கள் அம்மா இரண்டுக்கும் பயந்தவள்.

முதல் வாரம் அக்கா உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சோறு வைத்தால் தின்றாள், வைக்காவிட்டால் கேட்கவில்லை. எனக்கு எரிச்சலாக வரும். அவள் அழுதிருந்தால் நானும் கூட அழுதிருப்பேன். குத்துக்கல் மாதிரி இருப்பவளிடம் என்ன செய்வது? எங்கள் வீட்டில் படிப்பு என்றால் அவள்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த பெண் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்தி. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். அவள் வாயைக் கட்டிப்போட்டாற்போல் இருந்தது வீடு.

ஐப்பசி அடைமழை ஒரு ராத்திரி முழுக்கக் கொட்டி ஓய்ந்த விடியற்காலை, சுபுஹு தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யக் கொல்லைக்குப் போனவள் திரும்பி வந்து என் காலைச் சுரண்டினாள். "ஏண்டி, எந்திரி. வந்து பாரு" என்றாள். எட்டு நாளில் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு. துவைகல்லுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் தேங்கிய வாழைச் சருகுக்கிடையே, ஒரு குருவி உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மைனாவைவிடச் சிறியது. வால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்குக் கட்டை வால். முதுகு பச்சை, இறக்கையில் ஒரு நீலம், வயிறு சந்தன நிறம், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியதுபோல் பட்டைக் கறுப்பு. பறக்கத் தெம்பில்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. செத்துவிடும் என்றேன் நான். "வாயக் கழுவு" என்றாள் அக்கா.

சாகவில்லை. மத்தியானத்துக்குள் சருகைப் புரட்டிப் புழு தின்ன ஆரம்பித்தது. அன்றைக்குச் சாயங்காலம் மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன்னால், முருங்கைக்குக் கீழே நின்று கழுத்தை நீட்டி இரண்டு தடவை விசில் அடித்தது. மறுநாள் விடியலிலும் அதே. அகரத்திலிருந்து கீரைக்கட்டு கொண்டுவரும் கீரைக்காரம்மாதான் பெயரைச் சொன்னது.

"ஆறுமணிக்குருவி தாயீ இது. காலையில ஆறு, அந்தியில ஆறு, டாண்ணு கத்தும். பங்குனியில போயிரும்."

"எங்க போகும்?" என்று அக்கா கேட்டாள்.

"வடக்க எங்கயோ. அதுக்கு அங்கதான் மாமியா வீடு போல."

அக்கா சிரிக்கவில்லை, ஆனால் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. "நானும் மாசியில வெளிய வந்துருவேன். எனக்கு ஒரு மாசம் கழிச்சு அது போகுது" என்று எண்ணிச் சொன்னாள்.

அதிலிருந்து கொல்லைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். கிணறு, துவைகல், நாலு வாழை, ஒரு முருங்கை, கறிவேப்பிலை, கோழிக்கூடு. இவ்வளவுதான் கொல்லை. தோல் பதனிடும் ஷாப்புப் பக்கமிருந்து காற்று திரும்பினால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதில் அவள் என்னென்ன கண்டுபிடித்தாள். சாக்கடை ஓரத்தில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் சாம்பல் குருவி கார்த்திகை பிறந்த பிறகுதான் வந்தது என்றாள். தவிட்டுக்குருவிகள் ஏழாக வந்து எட்டுப் பேர் மாதிரி சண்டை போடும் என்றாள். கொண்டலாத்தி ஒன்று கிணற்றடி மண்ணைக் குத்திக்கொண்டிருந்தபோது, சுலைமான் நபிக்குத் தூது போன பறவை என்று அம்மாவைக்கூடக் கூட்டிவந்து காட்டினாள். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அதற்கு ஸலாம் சொன்னாள். ஆறுமணிக்குருவிக்கு எத்தனை நிறம் என்று எங்களுக்குள் தினம் தகராறு. ஏழு வரை ஒத்துப்போவோம், அதற்குமேல் ஒத்துவராது.

கொல்லையைக் கூட்டக் கூடாது என்று அக்கா தடை போட்டாள். சருகு இருந்தால்தான் புழு இருக்கும், புழு இருந்தால்தான் அது இருக்கும். "வீடா இது, குப்பமேடாட்டம் கெடக்கு" என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் விளக்குமாற்றைத் தொடவில்லை. மகள் வாய் திறந்து பேசுகிறாளே, அது போதும் என்று விட்டுவிட்டாள். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள், எனக்கு.

"அவ வெளிய உக்கார்ற நேரமெல்லாம் நீயும் கூட உக்காரணும். காதத் தீட்டி வச்சிக்க. மரமேறுறவரு சத்தமோ, சந்துப் பக்கம் ஆம்பளச் சத்தமோ கேட்டுச்சுன்னா, அடுத்த நிமிசம் அவ உள்ள இருக்கணும். அவளுக்கு இப்ப கவனம் நெலையா நிக்கிறதில்ல. நீதான் அவளுக்குக் காது."

சரி என்றேன். காவல் வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. வாழைக்குக் கீழே பலகையைப் போட்டு அதிகாரமாக உட்கார்ந்துகொள்வேன்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை அத்தா ஜும்மா முடிந்து வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு விண்ணப்பத் தாளை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அத்தா என்றால் எங்களுக்கு அப்பா. தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர், பேச்சு குறைந்த மனுஷர். டீச்சர் ட்ரெயினிங்குக்கு உண்டான விண்ணப்பம் அது. அக்கா அம்மா மூலமாக ஒரு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்த விஷயம். "இத்தா முடியட்டும், பாப்பம்" என்றார். அத்தா அகராதியில் 'முடியாது' என்றால் முடியாது, 'பாப்பம்' என்றால் சரி. இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அக்கா அந்தத் தாளில் பென்சிலால் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். தப்பு வந்தால் அழிக்கலாம் என்று பென்சில். பிறகு குர்ஆன் வைக்கும் மாடத்துக்குக் கீழே இருந்த பெட்டியில் வைத்தாள். அன்று சாயங்காலம் குருவி விசிலடித்தபோது, "வாரேன் வாரேன், இரு" என்று அதற்குப் பதில் சொன்னாள். அந்தக் குரலை நான் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

தை மாதம் பாதியில் அந்தக் காலை. பனி விலகி மலைக்கோட்டைப் பாறை தெளிவாகத் தெரிந்தது, ஏழரை எட்டு மணி இருக்கும். நாங்கள் பந்தயம் கட்டியிருந்தோம். இத்தனை நாளில் குருவி எங்களுக்கு ஆறு எட்டு வைக்கிற தூரம் வரை வந்திருந்தது. அசையாமல் இருந்தால் மூன்று எட்டுக்குள் வரும் என்றேன் நான். வராது என்றாள் அக்கா. அத்தா வெள்ளிக்கிழமை வாங்கிவரும் கடலை மிட்டாய் பந்தயப் பொருள். ஆளுக்கு ஒன்று கிடைக்கும். ஜெயிப்பவளுக்கு இரண்டு.

சருகைக் கிளறி, தண்ணீர் தெளித்து, புழு மேலே வரும்படி செய்துவிட்டு, அக்கா துவைகல்லில் உட்கார்ந்தாள். நான் பலகையில். குருவி சுவரோரத்திலிருந்து தத்தித் தத்தி வந்தது. ஒரு தத்து, ஒரு நிறுத்தம், ஒரு சருகு புரட்டல். ஐந்து எட்டு.

"மரம் ஏறுறேன் பாயம்மா."

மேற்கு வீட்டுத் தென்னை. எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் உடம்பைக்கூட அசைக்கவில்லை. இன்னும் இரண்டு சத்தம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். குருவி நாலு எட்டுக்கு வந்தது. எங்களை ஒரு கண்ணால் பார்த்தது.

"மரம் ஏறுறேன். உள்ள போயிக்கங்க."

இரண்டாவது. பக்கத்து வீடுகளில் கதவு சாத்துகிற ஓசை. இப்போது எழுந்தால் குருவி போய்விடும், பந்தயம் போய்விடும். மூன்றாவதுக்குச் சொல்லிக்கொள்ளலாம், அவர் ஏற நேரமாகும், இடுப்பில் அரிவாளைச் செருகி, காலில் கயிறு மாட்டி... இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். அக்காவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் குருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள், முக்காடு தோளில் கிடந்தது தெரியாமல். மூன்றாவது சத்தமும் வந்தது. குருவி மூன்று எட்டுக்குள் வந்து, அதோடு நிற்காமல், அக்காவின் கட்டைவிரலுக்கு ஒரு முழம் தள்ளிப் புழுவைக் கொத்தி இழுத்தது. புழு நீண்டு நீண்டு வந்து பட்டென்று அறுந்ததில் குருவி பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

அக்கா சிரித்துவிட்டாள். வாய்விட்டு, தொண்டை திறந்து. "தோத்துட்டேண்டி" என்றாள். குருவி பறந்தது. அப்போதுதான் உச்சியில் மட்டை சரசரத்தது. அந்த மனுஷர் முறைப்படி எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் ஏறியிருந்தார். இவ்வளவு பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டுத் திரும்பிவிட்டார். அக்காவும் அண்ணாந்து பார்த்துவிட்டாள். ஒரு நொடிதான். அவர் கண்ணை மூடிக்கொண்டதைக்கூட நான் பார்த்தேன். அக்கா முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அக்காவைச் சிரிக்க வைக்கத்தான் பேசாமல் இருந்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லி வந்தேன். பொய். அவள் சிரிப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு இரண்டாவது மிட்டாய் வேண்டியிருந்தது. நான் சொன்னது சரி என்று ஆக வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

மரமேறுகிறவர் கெட்ட எண்ணத்தில் எதுவும் சொல்லவில்லை. நாளைக்குத் தன்மேல் பழி வந்துவிடக் கூடாதே என்று இறங்கியதும் மேற்கு வீட்டம்மாவிடம் கதவுக்கு வெளியே நின்று சொல்லியிருக்கிறார். "மூணு தடவ சத்தம் குடுத்துட்டுத்தான் ஏறினேன் தாயீ. அந்தப் புள்ள வெளியதான் இருந்துச்சு. என்னையத் தப்பா நெனச்சிராதீக." மேற்கு வீட்டம்மா நல்லவள். நல்லவர்கள் சொன்னால் ஊர் சீக்கிரம் நம்பும். நாலு நாளில் அது, இத்தாவில் இருப்பவள் மரத்தில் இருக்கும் ஆம்பளையைப் பார்த்துச் சிரித்தாள் என்று ஆகியிருந்தது.

அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்க் கேட்டாள். "அவரு சத்தம் குடுத்தாரா இல்லையா?"

"கேக்கலம்மா."

"மூணு தடவ குடுத்தேங்கிறாரு. கேட்டா சொல்ல வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"சத்தமே வரலம்மா. வந்திருந்தா எனக்குக் கேக்காதா?"

கன்னத்தில் இரண்டு விழுந்தது. அக்கா உள்ளறை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. அடி வாங்கிக்கொண்டும் நான் மாற்றிச் சொல்லவில்லை. அடி வாங்கியதால் என் பொய்க்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. அத்தா அதை அப்படியே நம்பி அந்த மனுஷரைத் தெருமுனையில் நிறுத்திக் கேட்டார். "எம் புள்ள பொய் சொல்லாது" என்றாராம். "எம் மகமேல சத்தியமா கூப்பிட்டேன் பாய்" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டாராம். அவரை நம்பியவர்கள் அக்காவைப் பேசினார்கள். எங்களை நம்பியவர்கள் அவரைப் பேசினார்கள். அவரை அதற்குப் பிறகு எங்கள் தெரு மரங்களுக்கு யாரும் கூப்பிடவில்லை. பதினெட்டு மரம் போயிற்று அவருக்கு. என்னை மட்டும் யாரும் பேசவில்லை.

இத்தா முறிந்துவிட்டது, முதல் நாளிலிருந்து திரும்ப இருக்க வேண்டும் என்று சிலர் கிளப்பினார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அத்தா போய்க் கேட்டார். தெரியாமல் கண்ணில் பட்டதற்கு ஒன்றும் முறியாது, அந்தப் பிள்ளையை நிம்மதியாக விடுங்கள் என்று அவர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். ஹஜ்ரத் சொன்னது தெருவின் காதில் ஏறவில்லை. அக்காவின் மாமியார் ஒரு மத்தியானம் வந்து கூடத்தில் உட்கார்ந்து, "எம் மகன் கபுரு மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள இவளுக்குச் சிரிப்பு வந்துருச்சே" என்று அழுதாள். பெற்ற வயிறு. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு அக்கா கொல்லையில் உட்காரவில்லை. ஒளுவுக்குத் தண்ணீரை உள்ளேயே கேட்டு வாங்கிக்கொண்டாள். அம்மா கொல்லையைச் சுத்தமாகக் கூட்டிவிட்டாள். இரண்டு நாள் குருவி வெறும் தரையில் தத்திப் பார்த்தது. பிறகு சுவர் தாண்டி எங்கேயோ போயிற்று, சாயங்காலச் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அத்தா கடலை மிட்டாய் வாங்கிவந்தார். அவருக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? அக்கா தன்னுடையதை எடுத்து என் கையில் வைத்தாள். "பந்தயம்னா பந்தயம்" என்றாள். நான் இரண்டையும் தின்றேன். கல்நெஞ்சுக்காரி, தின்றேன்.

இத்தா முடிந்த மறுநாள் அக்கா, மாடத்துக்குக் கீழே இருந்த விண்ணப்பத்தை எடுத்து அத்தா முன்னால் வைத்தாள். அத்தா அதைத் தொடவில்லை. "நாலு சுவத்துக்குள்ள இருந்தப்பவே இம்புட்டுப் பேச்சும்மா. தெனம் பஸ்ஸு ஏறிப் போயிட்டு வந்தா என்ன பேசுவானுக? வேணாம்" என்றார். அவர் குரலே உடைந்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இப்போது சொல், இப்போதாவது சொல், கேட்டது என்று சொல், என் தப்பு என்று சொல் என்று மனசு அடித்துக்கொண்டது. அத்தா பயந்தது ஊர்ப் பேச்சுக்குத்தான். நான் சொல்லியிருந்தால், தவறியது காவல் இருந்த சின்னவள், பெரியவள்மேல் ஒரு தூசி இல்லை என்று நாலு பேரிடம் நிமிர்ந்து சொல்லியிருப்பார். அந்த மரமேறுகிறவரையும் தெருவுக்குள் கூப்பிட்டிருப்பார். எனக்கு இன்னும் நாலு அடி விழுந்திருக்கும். அந்த நாலு அடிக்குப் பயந்தேன்.

அந்த வருஷமே வத்தலக்குண்டில் ஒரு தோல் வியாபாரிக்கு அக்காவைப் பேசினார்கள். நாற்பது தாண்டியவர், மனைவி இறந்து மூன்று பிள்ளைகள். நல்ல மனுஷர்தான். கெட்டவராக இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது நான் ஆறியிருப்பேன். அத்தா அக்காவிடம் சம்மதம் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"சரிங்கத்தா. ஆனா ஒண்ணு. என்னையத்தான் விடல. சின்னவளப் படிக்க வச்சு வாத்தியாராக்கணும். அதுக்கு நீங்க சரின்னா, நானும் சரி."

அத்தா என்னைப் பார்த்தார். "பாப்பம்" என்றார்.

அப்படித்தான் நான் டீச்சர் ஆனேன். பெட்டியில் கிடந்த பழைய விண்ணப்பத்தை நான் புதுசு எழுதும்போது பார்த்தேன். பென்சிலில் அவள் பெயர் மங்காமல் இருந்தது. பயிற்சி முடித்து எரியோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் கரும்பலகை முன்னால் நின்றபோது எனக்குப் பெருமை வரவில்லை. வேறொருத்தியின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டதுபோல் கால் கூசியது. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே சோளக்காட்டில் கூட்டமாகக் குருவி விழுந்தால் பிள்ளைகள் அதைப் பார்க்கும். "இங்க என்ன வேடிக்க?" என்று சிடுசிடுப்பேன். குருவியை வேடிக்கை பார்க்கிற பிள்ளையைக் கண்டால் எனக்கு ஏன் அம்புட்டுக் கோபம் வருகிறது என்று சக ஆசிரியைகளுக்குப் புரியாது.

அறுபதுகள் முடியப்போகிற ஒரு தை மாதம், அக்காவும் அவள் வீட்டுக்காரரும் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார்கள். அப்போதெல்லாம் பம்பாய் போய்க் கப்பல் ஏற வேண்டும், போய்த் திரும்ப மாதக்கணக்காகும், திரும்புவது அல்லா விட்ட வழி. அதனால் கிளம்புகிறவர்கள் சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லாரிடமும் போய் மாப்புக் கேட்பார்கள். அல்லாவுக்குச் செய்த குற்றத்தை அல்லா மன்னிப்பான். மனுஷருக்குச் செய்ததை அந்த மனுஷர்தான் பொறுக்க வேண்டும். அது தீராமல் கப்பல் ஏறக் கூடாது.

எங்கள் வீட்டுக்கு அவள் வந்தது ஒரு சாயங்காலம். அம்மாவிடமும் அத்தாவிடமும் மாப்புக் கேட்டுவிட்டு, "வாடி, கொல்லைக்குப் போவம்" என்றாள். துவைகல்லில் அவள் உட்கார்ந்தாள். வாழையடியில் நான் நின்றேன். அந்தக் கொல்லையில் ஏழு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தது அன்றைக்குத்தான்.

"காலையில அந்த மரமேறுறவரு வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்" என்றாள். "அவருகிட்ட மாப்புக் கேட்டுட்டேன். அவரு பொஞ்சாதி காப்பி போட்டுக் குடுத்துச்சு."

"நீ என்னத்துக்குக்கா அவருகிட்டக் கேக்கணும்?"

"அன்னைக்கு அவரு கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. மூணு தடவையும் கேட்டுச்சு."

நான் வாழைச் சருகு ஒன்றைக் கிழிக்க ஆரம்பித்தேன், அவள் தொடர்ந்தாள்.

"அந்தக் குருவி வந்துக்கிட்டே இருந்துச்சுல்ல. அம்புட்டு நாளைக்கப்புறம் ஒரே ஒரு சந்தோசம். செத்த நேரம், செத்த நேரம்னு உக்காந்துட்டேன். நீ எங்க எந்திரிச்சுச் சொல்லிருவியோன்னு பயமா வேற இருந்துச்சு. நீ சொல்லல. சரி, இவளுக்குக் கேக்கலன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் அம்மா உன்னைய அடிச்சப்ப, எனக்குக் கேட்டுச்சும்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சொல்லல. என் தப்புக்கு நீ அடி வாங்குன. அந்த மனுசன் பொழப்பும் போச்சு. ஏழு வருசமா அது நெஞ்சுல கெடக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம், யார் வீட்டுக் கொல்லையிலோ, ஆறுமணிக்குருவி இரண்டு தடவை விசிலடித்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நெசமாவே உனக்குக் கேக்கலையாடி?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல் கேட்டாள். கேட்டது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஏழு வருஷமாக அவள் தனியாகச் சுமந்ததில் பாதியாவது அந்தத் துவைகல்லில் இறங்கியிருக்கும். அவளுக்கு வர வேண்டிய சம்பளத்தை நான் வாங்கிக்கொண்டிருந்தேன், அவள் கட்ட வேண்டிய சேலையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"கேக்கலக்கா" என்றேன்.

அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஹஜ் முடிந்து நல்லபடியாக வந்தாள், ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து முதலில் எனக்குத்தான் கொடுத்தாள், அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள், ஒரு நாளும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இப்போது அவளும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை.

அன்றைக்கு அவள் துவைகல்லிலிருந்து எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பன்னா எம்மேலதான் தப்பு. என்னையப் பொறுத்துக்கடி" என்றாள்.

"பொறுத்துக்கிட்டேன்க்கா" என்று சொன்னேன்.